முந்தாதேன்னு சொல்ல ஒரு ரேடியோ

பிரிக்பீல்ட்ஸ் மாமாக் கடையில ஃபார்முலா 1 கார் ரேஸ் பேச்சு வந்தாலே 2013ல செப்பாங்ல நடந்த மலேசிய ரேஸ் ஞாபகம் வந்து வயிறு எரியுதுங்க. மழையில நனைஞ்சு புல்மேட்டுல உட்கார்ந்திருந்தேன். முன்னாடி மெர்சிடிஸ் டீம் ஹாமில்டன், பெட்ரோலை மிச்சம் பிடிச்சு மெதுவா போறாரு. வாலைப் பிடிச்ச மாதிரி அதே டீம் ரோஸ்பெர்க், முந்துற வேகம் கையில இருக்கு. டீம் ரேடியோவுல அவருக்கு "முந்தாதே"ன்னு உத்தரவு! மனுஷன் நாலாவதா முடிச்சாரு. மேடையேறின ஹாமில்டனே, இந்த இடம் ரோஸ்பெர்க்குக்குச் சேர வேண்டியதுன்னாரு.

அதே ரேஸ்ல ரெட் புல் டீம் உத்தரவை மீறி, தன் டீம் வெப்பரையே முந்தி ஜெயிச்ச வெட்டலைத்தான் ஊரே திட்டுச்சு. வெப்பருக்கு நடந்தது துரோகம்தான், மறுக்கல. உத்தரவே இல்லாம இருந்திருந்தா ரெண்டு பேரும் கடைசிவரை மோதியிருப்பாங்களே!

இந்த மாதிரி டீம் உத்தரவுக்கு 2010 வரைக்கும் தடை இருந்துச்சு. 2011ல ஏன்யா எடுத்தீங்க? சம்பளத்துல மிச்சம் பிடிச்சு டிக்கெட் வாங்கினது ஊர்வலம் பார்க்கவா?