சிலுவை சுமப்பது ஓய்வை மறுப்பது அல்ல

"கிறிஸ்தவப் பணிவிடைத் தலைமை உள்ள இடத்தில் ஊழியர் ஓய்வோ ஊதிய உயர்வோ கேட்பது அவிசுவாசம், களைப்பும் ஒரு சிலுவைதான்" என்ற செய்தி பகிரப்பட்டு வருகிறது. இது தவறு. பணிவிடைத் தலைமை என்பது, தலைவர் தமக்குக் கீழே இருப்பவர்களுக்குப் பணிவிடை செய்து வழிநடத்துவது.

மாற்கு 10:42-45-இல் இயேசு பேசுவது உயர்ந்த இடத்தை விரும்பிய சீடர்களிடம்: முதன்மையாக இருக்க விரும்புகிறவன் எல்லாருக்கும் ஊழியக்காரனாக வேண்டும். யோவான் 13-இல் சீடர்களின் கால்களைக் கழுவியவரும் அவர்களின் போதகரான இயேசுவே. தாழ வேண்டிய கடமை மேலே இருப்பவருக்கு உரியது. அதைக் கீழே இருப்பவரின் முதுகில் ஏற்றுவது வேதத்தைத் திரிப்பது. வசனத்தைக் காட்டியே இதைச் செய்வது மிகுந்த வேதனை தருகிறது.

ஓய்வு குறித்து வேதத்தில் மயக்கமே இல்லை. உபாகமம் 5:14 ஓய்வுநாளை வேலைக்காரனுக்கும் வேலைக்காரிக்கும் எஜமானுக்கு இணையாகவே தருகிறது. சாப்பிடவும் நேரமில்லாத சீடர்களைத் தனியிடத்தில் இளைப்பாற அழைத்தவர் இயேசு (மாற்கு 6:31). சோர்ந்து, சாக விரும்பிய எலியா தீர்க்கதரிசிக்கு முதலில் கிடைத்தவை உறக்கமும் உணவும், கண்டிப்பு அல்ல. கூலியைப் பிடித்து வைப்பதையோ யாக்கோபு 5:4 கடுமையாகச் சாடுகிறது.

பணிச்சோர்வு என்பது சரிவரக் கையாளப்படாத நீடித்த பணியிட அழுத்தத்தின் விளைவு என்று உலக சுகாதார நிறுவனம் 2019-இல் விளக்கியது. ஆகவே, சோர்ந்த ஊழியரின் விசுவாசத்தை அளக்க முற்படும் மேலாளர் முதலில் வேலைப்பளுவையும் பணி நேரத்தையும் ஆள் பற்றாக்குறையையும் பார்க்க வேண்டும்.