ஐம்பது டாலர் கொடுத்தவர்களின் பட்டியல்

அமெரிக்க வலதுசாரி அரசியலின் எழுச்சியைப் பற்றி எழுதுகிறவர்கள் ரீகனில் ஆரம்பிப்பார்கள். இளசுகள் என்றால் நேராக டிரம்ப். என்னைக் கேட்டால் 1964-இல் வாங்கிய அடியிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

அந்த வருட அதிபர் தேர்தலில் குடியரசுக் கட்சி வேட்பாளர் பாரி கோல்ட்வாட்டர் 44 மாநிலங்களில் மண்ணைக் கவ்வினார். பழமைவாதத்தின் கதை முடிந்தது என்றே பலரும் நினைத்தார்கள்.

ரிச்சர்ட் விகரி என்ற இளைஞர் அப்படி நினைக்கவில்லை. 50 டாலரோ அதற்கு மேலோ நன்கொடை தந்தவர்களின் விவரம் பிரதிநிதிகள் சபை அலுவலகத்தில் யாரும் பார்க்கும்படி இருந்தது. அங்கே போய் கோல்ட்வாட்டருக்குப் பணம் கொடுத்தவர்களின் பெயர், முகவரிகளைக் கையாலேயே எழுதி எடுத்தார். உதவிக்குக் கூலிக்கு ஆள் வைத்துக்கொண்டார். சுமார் 12,500 பேர் தேறினார்கள். தோற்ற கட்சிக்குக் காசு கொடுத்தவன் கொள்கைக்காகத்தானே கொடுத்திருப்பான்? அவனுக்குக் கடிதம் போட்டால் மறுபடியும் கொடுப்பான். கொடுத்தார்கள். பெரிய பத்திரிகைகளும் தொலைக்காட்சியும் தங்களை மதிப்பதில்லை என்று புலம்பிக்கொண்டிருந்த கூட்டத்துக்குத் தபால்பெட்டியே ஊடகம் ஆனது.

அப்புறம் ஃபிலிஸ் ஷ்லாஃப்லி என்ற பழமைவாதப் பெண் தலைவர். பெண்களுக்குச் சம உரிமை தரும் அரசியல் சட்டத் திருத்தம் 1972-இல் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸைத் தாண்டிவிட்டது. 38 மாநிலங்கள் ஒப்புக்கொள்ள வேண்டும். 35-லேயே நிறுத்திக் காட்டினார். அவருடைய ஆதரவாளர்கள் வீட்டில் சுட்ட ரொட்டியை எடுத்துக்கொண்டு சட்டமன்ற உறுப்பினர்களைப் போய்ப் பார்த்தார்கள். (இல்லத்தரசியின் பெருமை பேசிய அந்த அம்மையார் ஊர் ஊராகச் சுற்றிக்கொண்டே இருந்தார் என்பது வேறு விஷயம்.)

இதெல்லாம் வெறும் உழைப்பின் கதை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். கோல்ட்வாட்டர் இனப் பாகுபாட்டைத் தடை செய்த சிவில் உரிமைச் சட்டத்தை எதிர்த்து வாக்களித்தவர். சொந்த மாநிலமான அரிசோனாவை விட்டால் அவர் ஜெயித்த ஐந்தும் தென்கோடி மாநிலங்கள். அங்கே கறுப்பின மக்களில் பெரும்பாலோரை ஓட்டுப் போடவே விடவில்லை. வரிக்குறைப்பு, சின்ன அரசாங்கம் என்று மட்டும் பேசிவிட்டு இதைத் தாண்டிப் போவது நேர்மை இல்லை.

1982-இல் யேல், சிகாகோ சட்ட மாணவர்கள் சிலர் ஃபெடரலிஸ்ட் சொசைட்டி என்ற பழமைவாதச் சட்ட அமைப்பைத் தொடங்கினார்கள். டிரம்ப் உச்ச நீதிமன்றத்துக்கு அனுப்பிய மூன்று நீதிபதிகளும் அந்த வட்டாரத்தின் கை பட்ட பட்டியலிலிருந்து வந்தவர்கள். 2022-இல் கருக்கலைப்பு உரிமையை ரத்து செய்த தீர்ப்பில் மூவருமே சேர்ந்திருந்தார்கள். அந்தத் தீர்ப்பு எனக்குத் துளியும் உடன்பாடில்லை. ஆனால் அதை டிரம்ப் ஒருவரின் வேலை என்று எழுதுகிறவர்களைப் பார்த்தால் சிரிப்புதான் வருகிறது. அந்த மாணவர்கள் கூடியபோது அவர் நியூயார்க்கில் கட்டடம் கட்டிக்கொண்டிருந்தார்.