வர்க்கியின் மேல் விழுந்த பழி

(குன்னூர்ச் சந்தை அருகே ஒரு பேக்கரி. எஸ்டேட்டில் மேஸ்திரியாக இருந்து ஓய்வு பெற்ற பெரியசாமி, கடைக்காரர் செல்வியிடம் நியாயம் கேட்க வந்திருக்கிறார்.)

பெரியசாமி: தங்கச்சி, நேற்று நீ கொடுத்த வர்க்கியைக் கடித்தவுடனே அதில் ரத்தக்கறை படிந்துவிட்டது. ஆளைக் காயப்படுத்தும் பண்டத்தையா கிலோக்கணக்கில் விற்கிறாய்?

செல்வி: புவிசார் குறியீடு வாங்கிய வர்க்கியின் மேல் பழி போடாதீர்கள், அண்ணா. பல் தேய்க்கும்போதும் ரத்தம் வருகிறதா?

பெரியசாமி: வந்தது. அதனால் கீழ்வரிசையைத் தேய்ப்பதையே நிறுத்திவிட்டேன்.

செல்வி: மண் கலைகிறதே என்று களையைப் பிடுங்காமல் விட்டிருந்தால், துரை உங்களை மேஸ்திரியாக வைத்திருப்பாரா? பல்லும் ஈறும் சேரும் விளிம்பில் கிருமிகள் படலமாகப் படிவதால்தான் ஈறு வீங்கி ரத்தம் கசிகிறது; அதைத் தேய்த்து அகற்றாவிட்டால் சில நாட்களிலேயே காரையாக இறுகி, அதன்பிறகு எந்தப் பிரஷுக்கும் அசையாது.

பெரியசாமி: மேல்வரிசையை உப்பும் கரித்தூளும் போட்டுக் கை வலிக்கும்வரை அழுத்தித் தேய்க்கிறேனே!

செல்வி: அப்படித் தேய்த்தால் ஈறு விலகி வேர் வெளியே தெரியும். மென்மையான பிரஷை ஈறு விளிம்பை நோக்கி 45 டிகிரி சாய்த்து, காலையிலும் இரவு படுக்கப்போகும் முன்பும் 2 நிமிடம் பதமாகத் தேய்த்து, பிரஷ் நுழையாத இடுக்குகளை அதற்கென்றே விற்கும் நூலாலோ சிறு பிரஷாலோ சுத்தம் செய்ய வேண்டும். உங்கள் பிரஷை எப்போது வாங்கினீர்கள்?

பெரியசாமி: பேரனைப் பள்ளியில் சேர்த்த அன்று.

செல்வி: 3 மாதத்துக்கொரு முறை மாற்ற வேண்டியதை, அவன் ஐந்தாம் வகுப்புக்கு வந்த பிறகுமா வைத்திருக்கிறீர்கள்?

பெரியசாமி: அவன் வருடாவருடம் பாஸாகிவிட்டால் அதற்கு நான் பொறுப்பா? அதிருக்கட்டும், உறைபனி விழும் தை மாத இரவில் குழாய்த் தண்ணீரை வாயில் ஊற்றச் சொல்வது கொலை முயற்சி அல்லவா?

செல்வி: வெந்நீரை விளாவிக்கொள்ளக் கூடாது என்று எந்தச் சட்டமும் இல்லை, அண்ணா.

பெரியசாமி: என் தம்பி ஓயாமல் பீடி குடிக்கிறான், அவனுக்கு ஒரு சொட்டு ரத்தம் வந்ததில்லை.

செல்வி: புகை ரத்தக்குழாய்களைச் சுருக்கி நோயை மறைத்துவிடும், அவருக்கு எச்சரிக்கை மணிகூட அடிக்காது. ஈறு வீக்கத்தோடு நின்றால் குணமாகிவிடும், ஆனால் பல்லைத் தாங்கும் எலும்பு கரைந்துபோனால் அது தானாகத் திரும்ப வளராது. சர்க்கரை நோயுள்ள உங்களுக்கு ஈறு சீக்கிரம் கெடும், ஈறு கெட்டால் சர்க்கரையும் அடங்காது. ஆகவே மருத்துவரிடம் போய்க் காரையை எடுத்துவிடுங்கள்.

பெரியசாமி: எடுத்தால் பல் ஆடிப்போகும் என்கிறார்களே?

செல்வி: பல்லைப் பிடித்திருப்பது எலும்பும் ஈறும், காரை வாடகை கொடுக்காத குடித்தனக்காரன். அது காலி செய்த இடம் சில நாட்கள் வெறிச்சென்று தெரியும், அவ்வளவுதான்.

பெரியசாமி: முடியும்வரை வாயைத் திறந்தபடி ஒரு வார்த்தையும் பேசாமல் கிடக்க வேண்டுமாமே?

செல்வி: அதைக் கேள்விப்பட்டதும்தான், உங்களுக்கு நாளைக்கே டோக்கன் போடச் சொல்லி அண்ணி என்னிடம் பணம் கொடுத்துவிட்டுப் போனார்கள்.