மாட்ரிட் சரி, ஷேலாவையும் பாருங்கள்

அமெரிக்காவில் நர்சிங், பிசியோதெரபி படிக்கிற பிள்ளைகள் மருத்துவ ஸ்பானிஷ் கற்க மாட்ரிட் போகலாம் என்கிறது நான் பார்த்த ஒரு கட்டுரை. ஊர் அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் நாளைக்கு கலிஃபோர்னியாவில் ஸ்பானிஷ் பேசும் நோயாளியாக உங்கள் முன்னால் உட்காரப்போவது பெரும்பாலும் மெக்சிகோக்காரரோ மத்திய அமெரிக்கரோதான், அவர்கள் பேச்சும் சாப்பாடும் கைவைத்தியமும் வேறு. அதற்கு மத்திய அமெரிக்க நாடான குவாத்தமாலாவின் ஷேலா நகரம் (வரைபடத்தில் கெட்சால்டெனாங்கோ என்று இருக்கும்) எவ்வளவோ மேல். ஒரு ஆசிரியருக்கு ஒரு மாணவர் என்பதுதான் அங்கே வழக்கம், உள்ளூர்க் குடும்பத்தோடு தங்கலாம், செலவும் குறைவு. 2,300 மீட்டர் உயரம், ஸ்வெட்டர் எடுத்துப் போங்க.

நான் படித்த இடத்தில் ஆசிரியை வயிற்றைப் பிடித்துக்கொண்டு நோயாளியாக உட்கார்ந்துவிடுவார். எப்போதிலிருந்து வலி, சாப்பிட்ட பிறகா, என்ன மாத்திரை போட்டீர்கள் என்று நாம் துருவித் துருவிக் கேட்கவேண்டும். மரியாதை இல்லாமல் ஒருமையில் ஆரம்பித்தால் பதிலே வராது, முகத்தைத் திருப்பிக்கொள்வார்!

கட்டுரை தொடாத இன்னொன்று, அங்கே மலைக் கிராமங்களில் பலருக்கு ஸ்பானிஷே இரண்டாம் மொழிதான். கீச்சே, மாம் என்று 20-க்கு மேல் மாயா மொழிகள். பாட்டி மாமில் சொல்ல பேத்தி ஸ்பானிஷில் சொல்ல, நமக்குப் பாதிதான் வந்து சேரும். கலிஃபோர்னியாவின் ஓக்லாந்திலும் மாம் பேசுகிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள்.

அப்புறம், ஸ்பானிஷ் படித்த சான்றிதழ் கையில் இருக்கிறதே என்று ஆபரேஷனுக்கு ஒப்புதல் வாங்கக் கிளம்பிவிடாதீர்கள். அரசு நிதி வாங்கும் அமெரிக்க மருத்துவமனைகள் தகுதியான மொழிபெயர்ப்பாளரை ஏற்பாடு செய்வது சட்டக் கடமை, 1964 சிவில் உரிமைச் சட்டத்திலிருந்து வருவது. "நோயாளிக்குத் தையல் போடவும் விடுவோம்" என்று ஆசை காட்டும் பள்ளிக்குப் பணம் கட்டாதீங்க, நாம் போவது மொழி கற்கத்தான்.