சித்தப்பாவின் கழியும் நிசாரும்

எங்கள் ஊர் தடா பக்கம். மாநிலம் ஆந்திரா, வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் தெலுங்கு. ஸ்ரீஹரிகோட்டாவில் ராக்கெட் கிளம்பினால் மொட்டை மாடியிலிருந்தே தெரியும். முதலில் வெளிச்சம். ஒரு நிமிஷத்துக்கு மேல் கழித்துத்தான் சத்தம் வந்து சேரும், ஜன்னல் கதவு கடகடவென்று ஆடும்.

2025 ஜூலை 30 மாலை 5.40க்கு ஜி.எஸ்.எல்.வி. ராக்கெட் நிசார் செயற்கைக்கோளைத் தூக்கிக்கொண்டு போனபோது பக்கத்தில் சித்தப்பா நின்றிருந்தார். நாற்பது வருஷமாகப் பழவேற்காடு ஏரியில் வலை போடுகிறவர்.

"அது மேலேருந்து என்னப்பா பார்க்கும்?"

"நிலம், பனி, கடற்கரை எல்லாம் பார்க்கும் சித்தப்பா."

"அப்போ நம்ம முகத்துவாரத்தையும் பார்க்குமா?"

அந்தக் கேள்விக்காகத்தான் இந்தப் பதிவு.

பார்க்கும். இஸ்ரோவும் நாசாவும் சேர்ந்து செய்த செயற்கைக்கோள் அது. 12 மீட்டர் அகல ஆன்டெனாவை விரித்து, ரேடார் அலையை அனுப்பி, திரும்பி வருவதை வைத்துப் படம் எடுக்கிறது. இருட்டும் மேகமும் அதற்குத் தடையில்லை. ஐப்பசி, கார்த்திகையில் வானம் மூடிக்கிடக்கும்போது சாதாரணக் கேமராவுக்கு எங்கள் கரை தெரியாது, இதற்குத் தெரியும். 12 நாளுக்கு ஒருமுறை அதே பாதையில் திரும்ப வரும்.

முகத்துவாரம் எங்களுக்கு என்ன என்று வெளியூர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டும். கடல் தண்ணீர் உள்ளே வருவதும் மழை வெள்ளம் வெளியே போவதும் அதன் வழியாகத்தான். இறால் குஞ்சும் அந்த வழியாகத்தான் ஏரிக்குள் வந்து வளர்கிறது. மணல் சேர்ந்து வாய் அடைத்தால் கோடையில் ஏரியில் உப்பு ஏறும், படகு தரைதட்டும். சித்தப்பா மூங்கில் கழியை ஊன்றி எடுத்து, ஈரம் ஏறிய இடம் வரை சாண் போட்டுப் பார்ப்பார். போன கோடையில் மூன்று சாண். அவருடைய சின்ன வயதில் அதே இடத்தில் கழி முக்கால்வாசி இறங்குமாம்.

நிசார் ஆழத்தை அளக்காது, அதற்குக் கழிதான் வேண்டும். ஆனால் மணல்திட்டு எந்தப் பக்கம் நகர்கிறது, வாய் எவ்வளவு குறுகியிருக்கிறது என்பதை அதன் படத்தில் பார்க்கலாம். இரண்டையும் சேர்த்தால் எங்கே, எப்போது தூர் வாருவது என்று முன்கூட்டியே கேட்கலாம். இப்போது வாய் அடைத்த பிறகுதான் மனு எழுதுகிறோம். அது மேசை மேசையாக நகர்வதற்குள் பருவமே போய்விடுகிறது.

ராக்கெட் விடும் நாளில் கடலுக்குப் போகாதீர்கள் என்ற தகவல் மட்டும் குப்பம் குப்பமாகத் தவறாமல் வருகிறது. உயிர் சம்பந்தப்பட்டது, வரத்தான் வேண்டும். ஒரு நாள் பாடு போனாலும் கட்டுப்படுகிறோம். அதே வழியில் எங்கள் ஏரியின் படமும் வரட்டுமே! ஐதராபாத்தில் இருக்கும் இன்கோயிஸ் என்ற மத்திய அரசின் கடல் தகவல் மையம், செயற்கைக்கோள் தகவலை வைத்து மீன் கிடைக்கும் இடங்களைத் தமிழிலும் தெலுங்கிலும் சொல்லிக்கொண்டுதானே இருக்கிறது.

நிசாரின் தரவு எல்லோருக்கும் இலவசம் என்று அறிவித்திருக்கிறார்கள். சரி, அந்தக் கறுப்பு வெள்ளைப் படத்தைப் படிக்கத் தெரிந்தவர் எங்கள் குப்பத்தில் யார்? சென்னையிலும் திருப்பதியிலும் நெல்லூரிலும் செயற்கைக்கோள் படங்களைப் பற்றிப் படிக்கிற பிள்ளைகளே, ப்ராஜெக்டுக்கு எங்கள் ஏரியை எடுத்துக்கொள்ளுங்கள். முகத்துவாரப் படத்தோடு தமிழில் இரண்டு வரி, தெலுங்கில் இரண்டு வரி எழுதி அனுப்புங்கள். நேரில் வந்தால் படகில் கூட்டிப்போய்க் காட்டுவதாகச் சித்தப்பா சொல்லியிருக்கிறார்.