டெத்லெஸ் வேறு, அன்டெட் வேறு

போன ஞாயிறு எங்கள் டி அண்ட் டி ஆட்டத்தில் (டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ், ஆளுக்கொரு பாத்திரமாக டைஸ் உருட்டிக் கதை ஆடும் விளையாட்டு) நடந்தது. அந்த விளையாட்டின் கற்பனை உலகங்களில் ஒன்றான எபெரான். கதை ஏரனால் நாட்டுக்குள் போய், எல்ஃப்களின் மாண்டோர் நகரமான ஷே மோர்டாயில் நிற்கிறது. செத்தும் நிலைத்திருக்கும் மூதாதையர்களின் சபையான அன்டையிங் கோர்ட்டின் ஆலோசகர் ஒருத்தியிடம் யோசனை கேட்க ஆடுகிறவர்களின் பாத்திரங்கள் வந்திருக்கிறார்கள். அவள் செத்துப் பல ஆயிரம் வருஷம் ஆகிறது. எலும்போடு ஒட்டிக் காய்ந்த உடம்பு, சுற்றிலும் மெல்லிய வெளிச்சம். நான்தான் டிஎம், அதாவது கதையை நடத்துகிறவன். எங்கள் அப்பாயி பேசுவது போலவே அவளைப் பேசவைத்துக்கொண்டிருந்தேன். பாலடினாக, அதாவது புனித வீரனாக, ஆடும் தம்பி குறுக்கிட்டான்: "அண்ணா, இவங்க அன்டெட்தானே? ஸ்மைட் அடிச்சா கூடுதலா ஒரு டி8 கிடைக்கும்ல?"

அன்டெட் என்றால் செத்தும் நடமாடுபவை. ஸ்மைட் பாலடினின் புனித அடி, அன்டெட் மேல் விழுந்தால் எட்டுமுக டைஸ் (டி8) ஒன்று கூடுதலாக உருட்டலாம். விதிப்படி கிடைக்கும். அவன் மேல் தப்பே இல்லை. எனக்குத்தான் ஆறவில்லை.

விளையாட்டு விதிகளின் பழைய 3.5 பதிப்பில் இவர்கள் அன்டெட் கிடையாது. டெத்லெஸ் என்று தனி இனமே இருந்தது. 2003இல் அந்த இனம் வந்தது, 2004இல் வெளியான எபெரானில்தான் அதற்கு ஒரு நாடும் மக்களும் கிடைத்தார்கள். அன்டெட்டை எழுப்புவது எதிர்மறை ஆற்றல், டெத்லெஸ்ஸை நிறுத்திவைப்பது நேர்மறை ஆற்றல். அதனால் காயம் ஆற்றும் மந்திரத்தைப் போட்டால் ஸோம்பிக்கு வலிக்கும், ஏரனால் மூதாட்டிக்குக் குணமாகும். இந்த ஒரு விதியே அவள் யார் என்று சொல்லிவிடும். வேம்பயர் உயிரோடு இருப்பவர்களிடம் பறித்துத்தான் நிலைக்கும். இவளோ, பேரப்பிள்ளைகளுக்குப் பேரப்பிள்ளைகள் தானாக மனமுவந்து தரும் பக்தியில் நிலைக்கிறாள். பதிலுக்குத் தான் கற்றதையெல்லாம் அவர்களுக்குத் தருகிறாள்.

ஐந்தாம் பதிப்புக்கான எபெரான் புத்தகம் 2019இல் வந்தபோது அந்த இனம் இல்லை. ஆலோசகர் இருக்கிறாள், இனம் என்ற இடத்தில் அன்டெட் என்று போட்டிருக்கிறது. ஐந்தாம் பதிப்பின் 2014 விதிகளில் காயம் ஆற்றும் க்யூர் வூண்ட்ஸ் மந்திரம் அன்டெட் மேல் வேலை செய்யாது. பாலடின் கை வைத்து ஆற்றும் லே ஆன் ஹேண்ட்ஸும் அப்படியே. உயிரின் ஒளியாலேயே ஆனவள் அடிபட்டுக் கிடந்தால் அந்த ஒளியை வைத்தே அவளை ஆற்ற முடியாது. ஆனால் அடிக்க மட்டும் கூடுதல் டைஸ் உண்டு! விதியை எளிமையாக்குவது எனக்கும் பிடிக்கும். இங்கே எளிமையானது விதி இல்லை, அந்த மக்களின் நம்பிக்கை.

இவர்களைப் புனிதர்களாகக் காட்டச் சொல்லவில்லை. டிராகன்களோடு சேர்ந்து வோல் என்ற எல்ஃப் குலத்தையே பூண்டோடு அழித்தவர்கள் இந்த கோர்ட்டார்தான். அந்தக் குலத்தின் மகள் எராண்டிஸை அவளுடைய அம்மா லிச்சாக, அதாவது மந்திரத்தால் சாவைத் தாண்டி நிற்கும் அன்டெட்டாக, எழுப்பினாள். வேறு வழி என்ன இருந்தது என்று அடிக்கடி யோசிப்பேன். நினைத்துக் கும்பிடச் சொந்தம் ஒருவர்கூட மிஞ்சவில்லை. டெத்லெஸ்ஸாக நிலைக்கச் சுற்றம் வேண்டும், லிச்சுக்கு யாரும் வேண்டாம். மொத்த எபெரானிலும் எனக்கு ரொம்ப வலிக்கிற இடம் இது. இரண்டு பேருக்கும் 'அன்டெட்' என்று ஒரே சீட்டை ஒட்டிவிட்டால் இந்த வித்தியாசம் ஆடுகிறவர் கண்ணில் எப்படிப் படும்?

அன்றைக்கு ஆட்டத்தை நிறுத்தி இதையெல்லாம் சொன்னேன். எங்கள் மேசையில் இனிமேல் டெத்லெஸ் தனி இனம்: ஸ்மைட்டுக்குக் கூடுதல் டைஸ் கிடையாது, அன்டெட்டை விரட்டும் டர்ன் அன்டெட் பலிக்காது, ஆற்றும் மந்திரம் எல்லாமே வேலை செய்யும். தம்பி கொஞ்ச நேரம் யோசித்தான். அப்புறம், "அப்போ என் பாலடின் வாளை வெளியிலயே வெச்சிட்டு உள்ள வர்றான்ணா" என்றான்.