சோற்றைக் குறைத்தால் குழம்பையும் மாற்ற வேண்டும்

மாவுச்சத்தைக் குறைத்து எடை குறைக்க ஆரம்பிப்பவர்கள் பாதியில் விட்டுவிட்டால், பழி நேராக நாக்கின் மேல் விழுகிறது. "வாயைக் கட்ட முடியலைங்க" என்கிறார்கள். எனக்கு இதில் உடன்பாடு இல்லை. பல வீடுகளில் என்ன செய்கிறார்கள் என்றால், தட்டில் இருந்து சோற்றை மட்டும் எடுத்துவிட்டு மற்றதை அப்படியே வைத்துக்கொள்கிறார்கள். அதே குழம்பு, அதே ரசம், ஓரத்தில் அதே இரண்டு கரண்டி பொரியல்.

நம் குழம்பு சோற்றில் பிசைவதற்காகவே வைக்கப்படுவது. வெறும் சோற்றில் உப்பு கிடையாது, புளிப்பு கிடையாது. ஒரு கரண்டி குழம்பு தட்டு நிறைய சோற்றுக்கு ருசி கொடுக்க வேண்டும். அதற்காகத்தான் அவ்வளவு புளி, அவ்வளவு வத்தல் மிளகாய், அவ்வளவு உப்பு. சோறு இல்லாமல் அதே குழம்பைக் கிண்ணத்தில் ஊற்றிச் சாப்பிட்டுப் பாருங்கள், தொண்டை எரியும். வயிறும் நிறையாது. உலக சுகாதார நிறுவனம் ஒரு நாளைக்கு மொத்தமே 5 கிராமுக்குக் குறைவான உப்புதான் சொல்கிறது. சோற்றுக்கான குழம்பைக் குடிக்க ஆரம்பித்தால் அந்த அளவு மதியத்திலேயே தாண்டிவிடும். அப்புறம் வேறு வழி தெரியாமல் அவித்த முட்டைக்கும் வெள்ளரிக்காய்க்கும் போகிறார்கள். பத்து நாளில் அதுவும் சலித்துப் போகிறது. கடைசியில் 'நமக்கு டயட் ஒத்துவராது' என்று முடித்துவிடுகிறார்கள்.

எனக்கு ஊர் நாகர்கோவில். எங்கள் பக்கத்துச் சமையல் எதில் நிற்கிறது என்று கேட்டால் எல்லோரும் தேங்காய் என்பார்கள், மீன் என்பார்கள். ஆனால் தட்டில் முக்கால் பங்கை அடைத்துக்கொண்டு இருப்பது சம்பா அரிசிச் சோறு. 'சம்பா தவிடு போகாத அரிசி, ஒன்றும் செய்யாது' என்று ஒரு நம்பிக்கை உண்டு. தவிட்டில் கொஞ்சம் நார் இருக்கிறது, உண்மைதான். ஆனால் எந்த அரிசியானாலும் 100 கிராம் எடுத்தால் ஏறக்குறைய 75 கிராம் மாவுச்சத்துதான். வெந்த சோற்றில் தண்ணீர் சேர்ந்துவிடுவதால் 100 கிராமுக்கு 28 கிராம் போல வரும். நிறைத்துப் போட்ட ஒரு தட்டு சோறு 300 கிராம் இருக்கும். கணக்கைப் போட்டுக்கொள்ளுங்கள்.

இது எங்கள் வீட்டுக் கதை மட்டும் இல்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐசிஎம்ஆர்) நாடு முழுவதும் நடத்திய நீரிழிவு ஆய்வின் உணவு பற்றிய முடிவுகள் 2025-இல் வந்தன. இந்தியர்கள் சாப்பிடும் கலோரியில் ஏறக்குறைய 62 சதவீதம் மாவுச்சத்தில் இருந்து வருகிறதாம். அதே ஆய்வு 2023-இல் சொன்னது, நாட்டில் சுமார் 10.1 கோடி பேருக்கு நீரிழிவு என்று. இரண்டையும் சேர்த்துப் படித்த பிறகு சோற்றுப் பானையைப் பார்க்கிற பார்வை கொஞ்சம் மாறத்தான் செய்கிறது.

சரி, குழம்புக்கு வருகிறேன். நான் செய்தது பெரிய வித்தை எதுவும் இல்லை. மீன்குழம்பில் புளியைப் பாதியாக்கி, மாங்காய்த் துண்டு போட்டு, தேங்காய் அரைப்பைக் கொஞ்சம் தளர்த்தினேன். வத்தல் எண்ணிக்கையைக் குறைத்தேன். உப்பு கடைசியில்தான், அதுவும் ருசி பார்த்து. இப்போது அது கிண்ணத்தில் ஊற்றி, மீனோடு கரண்டியால் எடுத்துச் சாப்பிடுகிற பதத்தில் இருக்கிறது. மீன் இரண்டு துண்டு இருந்த இடத்தில் நான்கு. சாளை (மத்தி) என்றால் எண்ணிப் பார்ப்பதில்லை. மீன் அவியலுக்கு இந்த மாற்றம்கூட வேண்டாம்; அது முதலில் இருந்தே இப்படிச் சாப்பிடுகிற பதார்த்தம்தான்.

தீயல்தான் கடினம். வறுத்த தேங்காயும் புளியும் மல்லியும் சேர்ந்து கறுத்துத் திரண்டு வருகிற தீயலைத் தளர்த்தினால் அது தீயலே இல்லை. அதனால் அதைத் தொடவில்லை. தீயல் வைக்கிற நாளில் மட்டும் ஒரு சின்னக் கரண்டி சோறு போட்டுக்கொள்கிறேன். மற்ற நாளில் அந்தக் கரண்டியும் கிடையாது. தினமும் ஒரே கணக்கு என்று பிடிவாதம் பிடிப்பதைவிட, எந்தப் பதார்த்தத்துக்குச் சோறு கட்டாயம் வேண்டும், எதற்கு வேண்டாம் என்று பார்ப்பது எனக்குப் பொருத்தமாக இருக்கிறது.

அவியல், துவரன் (தேங்காய்த் துருவல் போட்ட பொரியல்), கூட்டு, தயிர் விட்ட கிச்சடி, இவையெல்லாம் இத்தனை காலம் இலையின் ஓரத்தில் ஒதுங்கிக் கிடந்தவை. அவற்றை நடுவில் கொண்டுவந்ததுதான் என் டயட் முழுவதும். அவியலில் வழுதலங்காய், முருங்கைக்காய், புடலங்காய், தடியங்காய் எல்லாம் தாராளமாக. சேனையும் வாழைக்காயும் மாவுச்சத்து உள்ளவை, ருசிக்கு இரண்டு துண்டு போதும். முட்டைக்கோஸ் துவரன் முன்பு ஒரு கரண்டி சாப்பிட்டேன், இப்போது ஒரு கிண்ணம். கிண்ணக் கணக்குக்கு மாறும்போது பச்சை மிளகாயையும் உப்பையும் அதற்கேற்பக் குறைக்காவிட்டால் மீண்டும் அதே கதைதான்.

தேங்காயைப் பற்றி ஒரு வார்த்தை. பேலியோ, அதாவது தானியத்தை விட்டு இறைச்சியும் முட்டையும் கொழுப்பும் சாப்பிடுகிற முறை, அதைப் பேசுகிற நண்பர்கள் சிலர் 'கொழுப்புதானே, எவ்வளவு வேண்டுமானாலும் சாப்பிடு' என்கிறார்கள். 100 கிராம் தேங்காயில் 350 கலோரி இருக்கிறது. ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் ஏறக்குறைய 120 கலோரி, அது செக்கில் ஆட்டியதா கடையில் வாங்கியதா என்று உடம்பு கேட்பதில்லை. தேங்காயை நான் விடவில்லை, விடவும் மாட்டேன். ஆனால் துவரனுக்கு அரை மூடி போடுகிற பழக்கம் போய்விட்டது. ஒரு பிடி துருவல் போதும், மணம் வந்துவிடுகிறது.

இனி சொல்வது சில ஆண்களுக்குப் பிடிக்காது. டயட் இருக்கப் போகிறேன் என்று அறிவித்துவிட்டு, தனக்கென்று தனியாக ஒரு சமையலை எதிர்பார்ப்பவர்களை நிறையப் பார்க்கிறேன். அவருக்குக் காலிஃபிளவர் சாதம், பிள்ளைகளுக்கு நிஜ சாதம், மாமனாருக்குக் கஞ்சி. அடுப்படியில் நிற்கிறவளுக்கு மூன்று வேளை ஆறாகிவிடுகிறது. எடை குறைந்ததும் அவர் முன்னும் பின்னுமாக இரண்டு படம் போட்டுப் பாராட்டு வாங்குகிறார். காலிஃபிளவரைத் துருவிய கை படத்தில் வராது. உங்கள் டயட்டுக்குத் தனி அடுப்பு வேண்டும் என்றால், அந்த அடுப்பை நீங்களே பற்றவையுங்கள். இல்லை என்றால் வீட்டில் எல்லோருக்கும் வைக்கிற பதார்த்தங்களில் இருந்து உங்கள் தட்டை நிரப்பிக்கொள்ளுங்கள். எங்கள் வீட்டில் ஒரே சமையல்தான். பிள்ளைகள் தட்டில் சோறு அதிகம், என் தட்டில் அவியல் அதிகம். குழம்பில் காரம் குறைந்தது பற்றி யாரும் புகார் சொல்லவில்லை. என் கணவர் மட்டும் ஊறுகாய் பாட்டிலைப் பக்கத்தில் வைத்துக்கொள்கிறார், அது அவர் பாடு.

மாமியார்தான் முதலில் கலங்கிப் போனார். "மக்களே, ஒரு பிடி சோறு உண்ணாம எப்படி நிப்ப?" என்று தினமும் கேட்டார். "அத்தை, நாலு மீன் தின்னிருக்கேன், பசி இல்லை" என்றால் நம்பவில்லை. மீன் தொட்டுக்கொள்வதற்கு, சோறுதான் சாப்பாடு என்று வளர்ந்தவர். அவர் காலத்தில் சோறு கிடைப்பதே பெரிய விஷயமாக இருந்தது, அதனால் அந்தப் பதற்றம் எனக்குப் புரிகிறது.

மாவுச்சத்தை ஏறக்குறைய முழுதாக விடுகிற டயட்டுக்கு என்று பாக்கெட்டில் வருகிற 'கீட்டோ' சமாசாரங்கள் மேல் எனக்கு எந்த மரியாதையும் இல்லை. பாதாம் மாவு தோசை, கீட்டோ பிஸ்கட், சர்க்கரை இல்லாத சாக்லேட். விலையைப் பார்த்தால் தலை சுற்றும், ருசியைப் பற்றிப் பேசவே வேண்டாம். 2018-இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் 609 பேரை இரண்டு கூட்டமாகப் பிரித்து ஓர் ஆண்டு கவனித்தார்கள். ஒரு கூட்டம் கொழுப்பைக் குறைத்தது, இன்னொன்று மாவுச்சத்தைக் குறைத்தது. ஆண்டு முடிவில் முதல் கூட்டம் சராசரியாக 5.3 கிலோ, இரண்டாவது 6 கிலோ குறைத்திருந்தது. பெரிய வித்தியாசம் என்று சொல்ல முடியாது. இரண்டு கூட்டத்துக்கும் பொதுவாக என்ன சொல்லியிருந்தார்கள் என்பதுதான் எனக்கு முக்கியமாகப் பட்டது. காய்கறி நிறையச் சாப்பிடுங்கள், சர்க்கரையும் மைதா போன்ற மாவும் குறையுங்கள், முடிந்தவரை வீட்டில் சமையுங்கள் என்று. கலோரி எண்ணச் சொல்லவே இல்லை.

ஆகவே மாவுச்சத்தைக் குறைப்பது ஒன்றே மந்திரம் என்று நான் வாதாட மாட்டேன். எனக்கு அது வசதியாக இருக்கிறது, அவ்வளவுதான். சோறு குறைந்த இடத்தில் மீனும் முட்டையும் காயும் வந்ததால் நாலு மணிக்கு வருகிற அந்தக் கொலைப்பசி வருவதில்லை. நாலு மணிக்குப் பசிக்காததால் பழம்பொரிக்கு (வாழைப்பழ பஜ்ஜி) கை நீளுவதில்லை. எடை பத்து கிலோவுக்குக் கொஞ்சம் குறைவாக இறங்கியிருக்கிறது, மெதுவாக. முதல் வாரத்தில் சடசடவென்று இறங்குவதைப் பார்த்து யாரும் துள்ள வேண்டாம். உடம்பு சேமித்து வைத்த மாவுச்சத்தான கிளைகோஜன் கரையும்போது அதோடு ஒட்டியிருக்கிற தண்ணீரும் போகிறது. கொழுப்பு அந்த வேகத்தில் கரையாது.

காலைச் சாப்பாடுதான் இன்றும் இழுபறி. புட்டு, ஆப்பம், இடியாப்பம், தோசை, எதைத் தொட்டாலும் அரிசி. நான் புட்டை விட்டுவிட்டுக் கடலைக்கறியை வைத்துக்கொண்டேன். கடலையிலும் மாவுச்சத்து உண்டு, ஆனால் நாரும் புரதமும் சேர்ந்து வருவதால் அரைக் கிண்ணத்திலேயே போதும் என்று ஆகிவிடுகிறது. கூடவே முருங்கைக்கீரை போட்டுப் பொரித்த முட்டை. சிறுதானியத்துக்கு மாறினால் சரியாகிவிடும் என்று சிலர் சொல்வார்கள். தினையும் வரகும் நல்ல தானியங்கள்தான், ஆனால் அவற்றிலும் 100 கிராமுக்கு 60 கிராமுக்கு மேல் மாவுச்சத்து இருக்கிறது. தினைப் பொங்கலை வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு லோ கார்ப் என்று சொல்லிக்கொள்ள முடியாது.

எனக்கு உண்மையில் வலித்தது மரச்சீனிக் கிழங்கை (மரவள்ளி) விட்டதுதான். விசாகம் திருநாள் மகாராஜா 1880-களில் திருவிதாங்கூரில் இந்தக் கிழங்கைப் பரப்பினார், பஞ்சத்தில் மக்கள் பட்டினி கிடக்கக் கூடாது என்று. எங்கள் மாவட்டம் 1956 வரை அந்தப் பக்கம்தானே இருந்தது. கிழங்கு எங்கள் ரத்தத்தில் ஊறிவிட்டது. மயக்கின (வேகவைத்து மசித்த) மரச்சீனியும் சாளைக்கறியும் முன்னால் இருக்கும்போது எந்த ஆய்வும் ஞாபகத்துக்கு வராது. இப்போது எப்போதாவது ஒரு ஞாயிற்றுக்கிழமை, சின்னத் தட்டில். அன்றைக்கு வேறு மாவுச்சத்து கிடையாது.

இதில் காசு விஷயமும் இருக்கிறது, பேலியோ பேசுகிறவர்கள் அதைத் தொடுவதே இல்லை. தமிழ்நாட்டில் 2011-இல் இருந்து ரேஷன் அரிசி இலவசம். காயும் மீனும் முட்டையும் இலவசம் இல்லை. சோற்றைக் குறைத்தால் வீட்டுச் செலவு ஏறும், எனக்கும் ஏறியது. வஞ்சிரம் வாங்கித்தான் ஆக வேண்டும் என்பதில்லை. சாளையும் நெத்திலியும் மலிவு, சத்திலும் குறைவில்லை. ஆனாலும் நாள் கூலிக்குப் போகிறவரிடம் போய்ச் 'சோற்றைக் குறை' என்று புத்தி சொல்ல எனக்கு வாய் வராது.

சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் மருத்துவரிடம் கேட்காமல் இதில் இறங்க வேண்டாம். மருந்தின் அளவு அப்படியே இருக்க, சோறு மட்டும் திடீரென்று குறைந்தால் சர்க்கரை இறங்கி மயக்கம் வரலாம். வேறு சில மாத்திரைகளோடு மாவுச்சத்தை ஒரேயடியாக வெட்டினால் இன்னும் மோசமான சிக்கலும் வரலாம். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும் புரதத்தைத் தன்னிஷ்டத்துக்கு ஏற்றக் கூடாது.

கல்யாண வீட்டுக்குப் போனால் என்ன செய்வாய் என்று கேட்கிறார்கள். எங்கள் ஊர்ப் பந்தி டயட்காரர்களுக்கென்றே வைத்தது போல இருக்கும். சோறு வருவதற்கு முன்பே இலையில் அவியல், துவரன், எரிசேரி, கிச்சடி, பச்சடி என்று வரிசையாக விழுந்துவிடும். எல்லாவற்றையும் இரண்டாம் முறை கேட்டு வாங்குவேன். பரிமாறுகிற பையன்கள் முறைப்பார்கள். சோறு கொஞ்சம், பருப்பும் நெய்யும் ஊற்ற. அடைப்பிரதமன் பாயசம் வந்தால் ஒரு கரண்டி வாங்கிக்கொள்வேன், அதில் எத்தனை கிராம் மாவுச்சத்து என்று யாரும் எனக்குச் சொல்ல வேண்டாம்.